கேள்வி கேட்க முடிகிற ஊரே காவலுள்ள ஊர்



கொஞ்ச காலமாக உங்கள் கடிதங்களில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. இஸ்லாம் மற்ற மதங்களோடு சேர்ந்து வாழக்கூடிய மதம்தானா என்பது ஒன்று. மனிதனுக்கு முதலில் வேண்டியது உயிருக்கும் தொழிலுக்கும் பாதுகாப்பு, ஓட்டும் உரிமையும் ஜனநாயகமும் அப்புறம்தானே என்பது இன்னொன்று. கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கடன் வாங்கி நாலு ஓவர்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுகிறவரும், மகளை ஒன்றரை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு ராத்திரி வாசலிலேயே நிற்கிற தாயும் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இவ்விரண்டு கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன என்பது என் எண்ணம்.

முதல் கேள்வியைத் திருப்பூரில் இருந்துகொண்டு கேட்கும்போது நம் தொழிலின் பிறப்பை நினைக்காமல் இருக்க முடியாது. பனியன் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாகத் தொடங்கும் ஆண்டு 1925. எம்.ஜி. குலாம் காதர் ‘பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்’ என்ற பெயரில் இங்கே முதல் பின்னலாடைப் பட்டறையைத் தொடங்கிய ஆண்டு அது. கல்கத்தாவில் வளர்ந்திருந்த தொழில் கையால் சுற்றும் மிஷின்களோடு நொய்யல் கரைக்கு வந்தது. அதுவரை பருத்திச் சந்தைக்கும் ஜின்னிங் பேக்டரிகளுக்கும் பெயர் பெற்றிருந்த ஊர் பனியன் ஊராக மாறியது அங்கிருந்துதான். தோட்டங்காட்டை விட்டு வந்த கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் பிற்பாடு இந்தப் பட்டறைகளில் தொழிலாளியாகச் சேர்ந்து, வேலை கற்று, கூட்டுச் சேர்ந்து முதலாளியானார்கள். தென் மாவட்டத்துக் குடும்பங்கள் பஸ் ஏறி வந்தன. இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து ரயிலில் வருகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி என்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய கைகளும் இருக்கின்றன. மொத்த வியாபாரம் நடக்கும் கடைவீதியை நாம் இன்றும் காதர்பேட்டை என்றுதான் சொல்கிறோம்.

தொழில் செய்யும் இடத்தில் பழகுவது வேறு, மதம் வேறு என்று நீங்கள் சொல்லலாம். சரி, மதத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். கி.பி. 622-இல் நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனார். அந்த ஊரில் முஸ்லிம்கள் மட்டும் இல்லை. யூதக் குலங்கள் இருந்தன, பழைய வழிபாட்டிலேயே இருந்த அரபுக் குலங்களும் இருந்தன. ஆண்டுக்கணக்கில் பழிக்குப் பழி வாங்கிக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே எழுதப்பட்ட உடன்படிக்கை, யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று ஒப்புக்கொண்டது. வெளியிலிருந்து யார் தாக்கினாலும் சேர்ந்து காப்பது, தப்பு செய்தவனை அவன் நம்மவன் என்பதற்காக ஒளித்து வைக்காதிருப்பது என்ற கடமைகளை வைத்தது. மார்க்க விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கருத்து குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 256-ஆம் வசனமாக நிற்கிறது. மனிதர்கள் பல இனங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத்தான் என்று 49-ஆம் அத்தியாயம் சொல்கிறது.

அந்த உடன்படிக்கை நீடிக்கவில்லை. யூதக் குலங்களோடு சில ஆண்டுகளிலேயே சண்டை மூண்டது, ரத்தம் சிந்தியது. பின்னால் வந்த பேரரசுகளில் முஸ்லிம் அல்லாதார் ஜிஸ்யா வரி கட்டி, பாதுகாப்பு உண்டு, சம அந்தஸ்து இல்லை என்ற நிலையில் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் பல இடங்களில் அது மேலாக இருந்தது. இன்றைய அளவுகோலில் அது போதாது. எந்தப் பெரிய மதத்தின் வரலாற்றிலும் இப்படி அணைத்த காலமும் உண்டு, அடித்த காலமும் உண்டு. எந்தக் காலத்தை எடுத்துப் பிடித்துக்கொள்வது என்பதை இன்று வாழும் மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

படியூர் பக்கத்தில் ஒட்டப்பாளையத்து மக்கள் அப்படி ஒரு முடிவை எடுத்தார்கள். அங்கே முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் இருந்தது. இந்துக் குடும்பங்களுக்குக் கோயில் இல்லை. விநாயகருக்கு ஒரு கோயில் கட்ட ஆசை, இடம்தான் இல்லை. ரோஸ் கார்டன் முஸ்லிம் ஜமாத் தங்கள் இடத்திலிருந்து மூன்று சென்ட் நிலத்தைக் கொடுத்தது. அன்றைய மதிப்பில் அது சுமார் 6 லட்சம் ரூபாய். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தபோது முஸ்லிம்கள் தட்டுகளில் சீர் எடுத்துக்கொண்டு, மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கோயிலுக்கு வந்தார்கள். அன்னதானத்துக்குப் பணமும் கொடுத்தார்கள்.

நம் கொங்கு நாட்டில் சீர் எடுத்துப் போவதென்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி மொய் வைப்பான். சீர் கொண்டுவருவது தாய்மாமன் வீடு. நிலத்தைக் கொடுத்ததோடு நின்றிருந்தால் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டுப் போயிருப்போம். தட்டைக் கையில் ஏந்தி வந்தபோது உறவின் முறையையே எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்ததால் அவர்கள் தொழுகை ஒரு வேளையும் குறையவில்லை. இஸ்லாம் சேர்ந்து வாழுமா என்று கேட்பவர்களை ஒருமுறை படியூர் வரை போய்வரச் சொல்வேன்.

ஆனால், நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் என் பேச்சை நம்பமாட்டீர்கள். திருப்பூர் 2009 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. கோவையின் காயம் நம் காயமும்தான். 1997 நவம்பர் 29-ஆம் தேதி உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள், முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் செத்தார்கள், 200-க்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். 2007-இல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றார்கள். ஒன்பது வருஷத்துக்கு மேல் ஜெயிலில் கிடந்த சிலரோ குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

2016 செப்டம்பரில் இந்து முன்னணி நிர்வாகி ஒருவர் கோவையில் வெட்டிக் கொல்லப்பட, அவருடைய இறுதி ஊர்வலத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. அடுத்த மார்ச்சில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான திராவிடர் விடுதலைக் கழகத் தொண்டர் ஒருவரை முஸ்லிம்களே வெட்டிக் கொன்றார்கள். மதத்தில் கட்டாயம் இல்லை என்றால், மதத்தை விட்டு வெளியே நிற்பவனுக்கும் உயிர் வாழ இடம் உண்டு என்பதையும் அது உள்ளடக்கியது. இதை முஸ்லிம் சமுதாயத்துக்குள்ளிருந்தே உரத்துச் சொல்கிற குரல்கள் இன்னும் பெருக வேண்டும். 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்த பிறகு கோட்டைமேட்டு ஜமாத்தார் அந்தக் கோயிலுக்கே போய் நிர்வாகத்தாரைச் சந்தித்து, நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று சொன்னார்கள். 1998-க்கும் 2022-க்கும் நடுவில் ஊர் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகுதான் இரண்டாவது கேள்வி பலமாக எழும். ‘கண்டிப்பான ஒருத்தர் வந்து அடக்கி வெச்சா போதும், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். கடை எரிந்தவனுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கும் அப்படித் தோன்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், அடக்கி வைத்தால் பாதுகாப்பு வந்துவிடுமா? பக்கத்து நாடுகள் இரண்டு அதைச் செய்து பார்த்தன.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் வெடித்த குண்டுகள் 260-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் ஆபத்தானவன் என்று காத்தான்குடி முஸ்லிம்களே அதற்கு முன்னால் போலீஸில் புகார் செய்திருந்தார்கள். இந்திய உளவுத் துறையும் எச்சரித்திருந்தது. கொழும்பில் கேட்க ஆள் இல்லை. குண்டுகள் வெடித்த மறுமாதம், புகார் கொடுத்த அதே சமுதாயத்தின் கடைகளும் பள்ளிவாசல்களும் வடமேல் மாகாணத்தில் தாக்கப்பட்டன. நவம்பரில் மக்கள் பாதுகாப்பை முன்னிறுத்திக் கோத்தபய ராஜபக்சவை ஜனாதிபதியாக்கினார்கள். கோவிட் வந்தபோது இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தார் கதறக் கதறக் கட்டாயமாக எரித்தது அந்த அரசு; பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட விடவில்லை. புதைப்பதால் கிருமி பரவாது என்று மருத்துவர்கள் சொன்னது ஏறவில்லை. உரத்தை ஒரே நாளில் தடை செய்தபோது விவசாயிகள் சொன்னதும் ஏறவில்லை. கடைசியில் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்றது. 2022 ஏப்ரலில் காலிமுகத்திடல் போராட்டத்தில் முஸ்லிம்கள் நோன்பு திறந்தபோது சிங்களரும் தமிழரும் கூட உட்கார்ந்தார்கள். ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டே ஓடினார். ஈஸ்டர் தாக்குதல் பற்றிய எச்சரிக்கையைக் காதில் வாங்காததற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். செத்தவர்களின் குடும்பத்துக்கு ஏதோ ஒரு நியாயம் கிடைத்தது வழக்குப் போட முடிந்ததால்.

பங்களாதேஷ் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அவர்கள் போடும் விலையைப் பார்த்துத்தான் நாம் பையருக்குக் கொட்டேஷன் போடுகிறோம். ஷேக் ஹசீனா 2009-இலிருந்து ஆண்டார். பெண்கள் லட்சக்கணக்கில் கார்மென்ட்ஸுக்கு வேலைக்குப் போனார்கள், ஏற்றுமதி வளர்ந்தது, தீவிரவாதிகள் ஒடுக்கப்பட்டார்கள். கூடவே பத்திரிகைகளின் வாயும் கட்டப்பட்டது, ஆட்கள் காணாமல் போனார்கள், 2024 ஜனவரித் தேர்தலைப் பிரதான எதிர்க்கட்சி புறக்கணித்தது. அதே ஆண்டு ஜூலையில் இட ஒதுக்கீட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்கள் மேல் துப்பாக்கி திரும்பியது. 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஹசீனா டாக்காவை விட்டுப் போனார். போலீஸ் இல்லாத அந்த நாட்களில் பல ஊர்களில் இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம் மாணவர்கள் கோயில் வாசல்களில் விடிய விடியக் காவல் நின்றதும் அதே நாட்களில்தான். பதினைந்து வருஷம் ஒருவர் கையில் இருந்த பாதுகாப்பு, அவர் விமானம் ஏறியதும் போய்விட்டது. ஒரு இந்துக் குடும்பம் தன் வாக்கைக் கொண்டும், ஒரு பத்திரிகை தன் எழுத்தைக் கொண்டும் கட்டியிருக்க வேண்டிய அரண்கள் அதற்கு முன்பே இடிக்கப்பட்டிருந்தன. அந்த வாரம் இங்கே, ஆர்டர் நம் பக்கம் வருமா என்ற பேச்சுதான் அதிகம் கேட்டது. தொழில்காரர்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பது இயல்பு. ஆனால் அங்கே மூடிக் கிடந்த கம்பெனிகளின் வாசலில் நின்றதும் நம் தையல்காரர்களைப் போன்ற மனிதர்கள்தான்.

கேட்டால் பதில் கிடைக்குமா என்பதற்கு நம் ஊரிலும் ஒரு சோதனை வந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சண்டைகளின் காட்சிகள் அவை. பீகாரில் இருக்கும் தாய் தகப்பன் போன் போட்டு அழ, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். காவல்துறை அவை பொய் என்று வெளிப்படையாக மறுத்தது. பொய் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசியது. இந்தியில் உதவி எண்கள் வந்தன. ஒரு சில நாட்களில் பீதி அடங்கியது. துப்பாக்கியால் அடங்கியதா? கேட்டதற்குப் பதில் சொன்னதால் அடங்கியது. பத்திரிகைக்காரன் போய்ப் பார்க்க முடிந்தது, எதிர்க்கட்சி கேட்க முடிந்தது, அரசு பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. பாதுகாப்பின் ஆணிவேர் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதே சம்பவம், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே குரல் இல்லை என்ற நம் குறையையும் காட்டியது. ஒரு பனியன் கம்பெனியின் பேட்லாக் வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒரு மிஷினில் தேனிக்காரர், அடுத்ததில் முர்ஷிதாபாத்திலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர், அவருக்குக் கைமடித்துக் கொடுப்பது ஒடிசாப் பெண். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்கு அவர் எழுந்து போனால், திரும்பி வரும்வரை அவருடைய பண்டிலைப் பக்கத்து மிஷின்காரர் பார்த்துக்கொள்கிறார். பீஸ் ரேட்டில் ஓடும் வரிசையில் அது சின்ன உதவி இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்குவதும் எல்லோரும் ஒன்றாகத்தான். ஆனால் தேர்தல் வந்தால் இந்த வரிசையில் பாதிப் பேருக்கு இங்கே ஓட்டு இல்லை. சொந்த ஊரில் பெயர் இருக்கும். அதற்காக ரெண்டு நாள் ரயிலில் போய்வரச் சம்பளமும் லீவும் இடம் கொடுக்காது. வெளியூரில் இருந்தபடியே ஓட்டுப் போட ஒரு மிஷினைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. கட்சிகளுக்கு அதில் பல சந்தேகங்கள் இருந்தன. விஷயம் அதோடு நின்றுவிட்டது.

இங்கே ஓட்டு இல்லாதவன் குடியிருக்கும் லைன் வீட்டுக்குக் குடிதண்ணீர் வராவிட்டால் கவுன்சிலருக்கு அவசரம் இல்லை. போலீஸ் அவனிடம் முதலில் கேட்பது ஆதார் அட்டையை. எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக வந்தவர்களைக் கண்டுபிடிப்பது அரசின் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வங்காளம் பேசுகிறான், முஸ்லிம் பெயர் என்ற ஒரே காரணத்துக்காக மேற்கு வங்கத்து இந்தியனுக்கு வாடகை வீடு மறுப்பதும் சந்தேகக் கண்ணால் பார்ப்பதும் கடமையில் சேராது. உயிருக்கான உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் வழிபாட்டுச் சுதந்திரத்தைச் சொல்லும் 25-ஆம் பிரிவும் குடிமக்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்ளவில்லை. எல்லா மனிதருக்கும் என்றே சொல்கின்றன. பொது ஒழுங்குக்கு உட்பட்டே வழிபாட்டுரிமை என்று அந்த 25-ஆம் பிரிவு தொடக்கத்திலேயே வைக்கிறது. சுதந்திரத்தையும் பாதுகாப்பையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதிய நாடு இது. அதை இரண்டாகப் பிரித்து, எது வேண்டும் என்று நம்மிடம் யாராவது கேட்டால் ஏமாந்துவிடக் கூடாது.

பாதுகாப்பு ஒரு பக்கத்தாருக்கு மட்டும் கிடைத்தால் அது மறுபக்கத்தாரின் பயமாகத்தான் இருக்கும். பயத்தில் வாழ்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும்வரை நாமும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆபத்தைக் கண்டவன் வாய்திறந்து சொல்லவும், சொன்னதைக் கேட்காத அதிகாரியை மாற்றவும், தப்பாகப் பிடிபட்டவன் கோர்ட்டுக்குப் போகவும் வழி இருந்தால்தான் அடுத்த குண்டையும் அடுத்த கலவரத்தையும் தடுக்க முடியும். அதனால்தான் ஜனநாயகத்தைப் பாதுகாப்புக்கு எதிராக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுச் சீட்டு மட்டும் ஜனநாயகம் என்றும் நான் சொல்லவில்லை. எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவர்கள் குறைவாக இருப்பவர்களைக் காப்பதும் அதில் அடங்கும். இந்துக்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் இந்துக்களுக்கும், முஸ்லிம்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் முஸ்லிம்களுக்கும் அந்தக் கடமை உண்டு. ஒட்டப்பாளையத்தில் கோயில் இல்லாத அண்டை வீட்டாருக்கு நிலம் கொடுத்தவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. வீடு வைத்திருப்பவர்கள், அடுத்த முறை ‘வாடகைக்கு’ போர்டு மாட்டும்போது, வருபவரின் பெயரைக் கேட்டு முகம் மாறாமல் அட்வான்ஸும் அடையாள அட்டையும் கேளுங்கள். கம்பெனி நடத்துபவர்கள், தேர்தல் நாளன்று உள்ளூர்த் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு விடுவது சட்டம் என்பதை மறக்க வேண்டாம். வெளிமாநிலத் தொழிலாளி ஓட்டுப் போட ஊருக்குப் போக விரும்பினால் வேலை போய்விடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜமாத் பெரியவர்களும் கோயில் கமிட்டியாரும், பிரச்சினை வந்தபிறகு கலெக்டர் ஆபீஸில் அமைதிக் கூட்டத்தில் சந்திக்கக் காத்திருக்காமல், பிரச்சினை இல்லாத மாதத்திலேயே ஒருவர் போன் நம்பரை மற்றவர் வாங்கி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ வந்தால் அனுப்புவதற்கு முன் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாங்களும் பத்திரிகை சார்பில் ஒரு வாக்குத் தருகிறோம்: உறுதிப்படுத்தாத எந்த மோதல் செய்தியையும் முந்திக்கொண்டு வெளியிடமாட்டோம்.

உங்கள் தெருவில் இப்படிச் சேர்ந்து நின்ற அனுபவம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள், வெளியிடுகிறோம். ஏமாந்த அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள், அதையும் வெளியிடுவோம். நூறு வருஷமாகப் பல ஜாதிக்கும் பல மதத்துக்கும் பல மொழிக்கும் சோறு போட்ட ஊர் இது. இங்கே பயமில்லாமல் வாழும் உரிமையும் பயமில்லாமல் பேசும் உரிமையும் எல்லோருக்கும் ஒன்றாகவே கிடைக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், நாம் சேர்ந்து மறுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்